நம் நம்பிக்கைக்கு ஒவ்வாத அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடரை) ரசிக்க முடியுமா? எந்த இடத்தில் முறிகிறது?

#1 இரவுத்தொடர்

ஒரே தொடர். ஒருவர் "இதுபோல இன்னொன்று வராது" என்கிறார். இன்னொருவர் நாலாவது எபிசோடில் மூடிவைத்துவிட்டு "என் நம்பிக்கையைக் கேலி செய்கிறார்கள்" என்கிறார். இருவருமே கவனமாகப் பார்க்கிறவர்கள்தான். கடவுள் நம்பிக்கை, அரசியல் சார்பு, போர், மரண தண்டனை, பாலின அடையாளம், எதை எடுத்தாலும் இதே கதை. ஒவ்வொரு விவாத இழையும் கைகலப்பில்தான் முடிகிறது.

கேட்க நினைப்பது இரண்டு. சில முரண்கள் நமக்கு உறுத்துவதே இல்லை, சில மட்டும் முள்ளாய்க் குத்துகின்றன, ஏன்? குற்றம் கதையிலா பார்க்கிறவரிலா என்று பிரித்துப் பார்க்க உருப்படியான வழி ஏதாவது உண்டா?

"அவரவர் ரசனை" என்ற பதில் வேண்டாம், அதை எல்லோரும் சொல்லியாயிற்று. டெத் நோட், அட்டாக் ஆன் டைட்டன், வின்லாண்ட் சாகா, ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் பற்றிய ஸ்பாய்லர்கள் வரலாம். பார்க்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளவும்.

#2 பனையோலை

முதல் கேள்விக்கு டெத் நோட் போதும்.

குறிப்பேட்டில் பெயரை எழுதினால் ஆள் சாவான். காரணம் எழுதாவிட்டால் 40 விநாடியில் மாரடைப்பு. காரணம் எழுதினால் விவரங்களை எழுத இன்னும் 6 நிமிடம் 40 விநாடி கிடைக்கும். செத்தபின் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை, எல்லோருக்கும் வெறும் சூனியம்தான் என்பதும் அந்த உலகத்தின் விதி. ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர்கூட இதையெல்லாம் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்கிறார். "ஒரே ஒரு ஊரில்" என்று பாட்டி தொடங்கியதும் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லையே, அந்த மாதிரி.

ஆனால் "குறிப்பேட்டால் குற்றவாளிகளைக் கொன்று தள்ளும் நாயகன் லைட் செய்வது நியாயம்" என்று கதை சொல்வதாகத் தோன்றிய அந்தக் கணமே மனம் சண்டித்தனம் செய்யத் தொடங்கும். தத்துவத்தில் இதைக் கற்பனை எதிர்ப்பு என்பார்கள். 1757-ல் டேவிட் ஹியூம் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதும்போதே இதைத் தொட்டுவிட்டார்: பழைய நூலில் உலகத்தைப் பற்றிய தப்பான தகவல் இருந்தால் சிரித்துக் கடந்துபோகிறோம், ஒழுக்கம் பிசகியிருந்தால் மட்டும் கடக்க முடிவதில்லை. 2000-ல் தமார் கெண்ட்லர் இதை மேலும் பிடித்திழுத்தார். கற்பனை செய்ய நம்மால் முடியாமல் இல்லை, மனம்தான் வருவதில்லை என்பது அவர் வாதம். நியாய அநியாயத்தைக் கதைக்குள் ஏற்கச் சொல்லும்போது, அதை வெளியேயும் எடுத்துப்போகச் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. பேயை நம்பச் சொல்வதில் அந்தச் சந்தேகம் வருவதில்லை.

ஆக, கதையில் வேறு நம்பிக்கை இருப்பதால் ரசனை முறிவதில்லை. கதை நம்மிடம் ஒப்புதல் கேட்கிறது என்று தோன்றும் இடத்தில்தான் முறிகிறது. அந்தத் தோற்றம் சரியா தப்பா என்பது தனிக் கேள்வி.

டெத் நோட்டில் பலர் அதைத் தப்பாகத்தான் வாசிக்கிறார்கள். இரண்டாம் எபிசோடில் தொலைக்காட்சியில் ஒருவர் தோன்றி, லைட்டைத் தேடும் துப்பறிவாளர் எல் தான்தான் என்று சொல்லி, லைட்டைத் தீயவன் என்கிறார். லைட் உடனே அவர் பெயரை எழுதிக் கொல்கிறான். அதற்குப் பிறகுதான் செத்தவர் மரண தண்டனைக் கைதி என்று தெரிகிறது. பெயரை எழுதிய அந்த நொடியில் லைட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவன் காவல்துறைப் பக்கம், என்னைத் திட்டினான். கதை தன் தீர்ப்பை அங்கேயே எழுதிவிட்டது. மரண தண்டனையை ஆதரிப்பவருக்கு "கைதிதானே செத்தான்" என்று அது வழுக்கிப் போகிறது. எதிர்ப்பவர், கதை லைட்டைக் கொண்டாடுகிறது என்று முதல் எபிசோடிலேயே முடிவுகட்டி மூடிவிடுவதால் அந்தக் காட்சிக்கு வந்தே சேர்வதில்லை. இரண்டு தரப்பும் ஒரே காட்சியைத்தான் தவறவிடுகின்றன.

#3 கீறல்_தட்டு

பனையோலை அண்ணா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் "சரியாக வாசித்தால் பிரச்சினை தீரும்" என்ற தொனிதான் உதைக்கிறது. அடையாளம் என்ன சட்டையா, கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார?

1951-ல் டார்ட்மத், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிகள் மோதிய முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று. அதன் படச்சுருளை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் உளவியலாளர்கள் ஹாஸ்டார்ஃபும் கேன்ட்ரிலும். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஒரே படச்சுருள்! கட்டுரை வந்தது 1954-ல். ஒரு காட்சி இருக்கிறது, அதை ஆளுக்கொரு விதமாக நினைக்கிறார்கள் என்பதல்ல அதன் முடிவு. பார்த்ததே வேறு வேறு ஆட்டம் என்பதுதான்.

கதையில் இது இன்னும் மோசம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆர்ச்சி பங்கர் என்றொரு இனவெறி பிடித்த பாத்திரத்தை, அந்த வெறியைக் கிண்டல் செய்யவே உருவாக்கினார்கள். 1974-ல் விட்மாரும் ரோக்கீச்சும் ஆய்ந்தபோது, முன்முடிவு மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியை மெச்சினார்கள், அவன் பேசுவதுதான் நியாயம் என்றார்கள். கிண்டல் போய்ச் சேர வேண்டியவர்களிடம் சேரவே இல்லை. கதை தீர்ப்பை எழுதிவிட்டது என்பது சரி, எந்த மையில் எழுதியது என்று கேட்கிறேன்.

#4 தூக்கம்_வரல

ஒரு கார்ட்டூனுக்கு ஹியூம், கால்பந்து எல்லாமா? பிடித்தால் பாருங்கள், பிடிக்காவிட்டால் அடுத்ததைப் போடுங்கள்.

#5 பனையோலை

@தூக்கம்_வரல: தாராளமாக. பிடிக்காததைக் காரணம் தெரியாமல் மாற்றிக்கொண்டே போனால், அதே காரணம் அடுத்த தொடரிலும் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

@கீறல்_தட்டு: ஆர்ச்சி பங்கர் எடுத்துக்காட்டை ஒப்புக்கொள்கிறேன். கழற்றி மாட்ட முடியாது. ஆனால் எந்தச் சட்டை போட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். பிரின்ஸ்டன் மாணவருக்குத் தான் பிரின்ஸ்டன் என்பது நினைவிருந்தால், எண்ணி முடித்தபின் தன் அணியின் தப்புகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பார். அவ்வளவுதான் கேட்கிறேன்.

#6 செல்_சட்டகம்

சண்டைக்கு முன்னால் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு படி இருக்கிறது: நீங்கள் கோபப்படுவது எந்தப் பதிப்பின் மேல்?

செய்லர் மூனின் பழைய ஆங்கில டப்பிங்கில் ஹருகாவும் மிச்சிருவும் ஒன்றுவிட்ட சகோதரிகள். மூலத்தில் அவர்கள் காதலர்கள். ஸோய்ஸைட் என்ற ஆண் பாத்திரத்தை அதே டப்பிங் வரிசையில் பெண்ணாக்கினார்கள், குன்ஸைட் என்ற இன்னொரு ஆணோடு அவனுக்கிருந்த காதலை மறைக்க. அந்தப் பதிப்பை மட்டும் பார்த்துவிட்டு "இதில் எங்களைப் போன்றவர்களே இல்லை" என்று ஒருவர் சொன்னால் வருத்தம் நியாயம், முகவரிதான் தப்பு. எதிர்ப்பக்கத்திலும் இப்படி நடக்கிறது. போக்கிமானில் வரும் ஜின்க்ஸ் என்ற பாத்திரம் கறுப்பு முகமும் தடித்த உதடுமாக இருந்தது இனக்கேலி என்று எதிர்ப்பு வந்தபிறகு அதன் நிறத்தை ஊதாவாக்கினார்கள். இன்று ஊதாவைப் பார்ப்பவருக்கு அந்தக் கோபம் எதற்கென்றே புரியாது.

மொழிபெயர்ப்புச் சிக்கலுக்கு வின்லாண்ட் சாகா முதல் சீசன், 18-ஆம் எபிசோடு. பனியில் குடிகாரப் பாதிரியாரும் இளவரசன் கனூட்டும் பேசுகிறார்கள். தன்னை வளர்த்த ராக்னார் தன்மேல் வைத்திருந்தது அன்பில்லையா என்று கனூட் கேட்க, பாதிரியார் ஒரே சொல்லில் பதில் சொல்கிறார்: சபெட்ஸு. சப்டைட்டிலில் "பாகுபாடு" என்று வரும். பெற்ற பாசத்தைப் பாகுபாடு என்கிறாரே என்று பலருக்கு அங்கே சுருக்கென்கிறது. அதே எழுத்துகளைப் பௌத்த வழக்கில் ஷபெட்ஸு என்று வாசிப்பார்கள். பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காணும் வேறுபாடு என்று அர்த்தம். ஒருவனை உயிராய் நேசித்து மற்றவர்களைச் சாகவிடுவது எல்லோரையும் ஒன்றாய்க் காணும் அன்பாகாது என்கிறார் பாதிரியார், பாசம் கெட்டது என்று அல்ல. கிறித்தவப் பாதிரியார் வாயில் பௌத்த வாடை அடிக்கும் சொல். மத நம்பிக்கை உள்ளவருக்கு இந்தத் தொடரின் மிக வளமான இடம் இதுதான், அவர்களே எழுந்து போய்விடும் இடமும் இதுதான்.

அப்புறம் சின்னங்கள். எவாஞ்சலியனில் வெடிக்கும்போதெல்லாம் சிலுவை எழும். கிறித்தவம் ஜப்பானில் அதிகம் பரவாத மதம், அதனால் பார்க்கப் புதுமையாக இருக்கும் என்றுதான் அந்தச் சின்னங்களைச் சேர்த்தோம் என்பதை உதவி இயக்குநர் கசுயா த்சுருமாகியே சொல்லியிருக்கிறார். அதில் இறைநிந்தனை தேடுபவருக்கும் ஆழ்ந்த இறையியல் தேடுபவருக்கும் ஏமாற்றம் ஒன்றுதான். கவனக்குறைவு வேறு ரகம். 2008-ல் ஜோஜோ ஓவிஏ (நேரடியாக வீடியோவாக வெளியிடும் அனிமே) ஒன்றில் வில்லன் கையிலிருக்கும் புத்தகத்தில் குர்ஆன் பக்கம் இருந்தது தெரியவந்ததும் பதிப்பகமும் ஸ்டூடியோவும் மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தின. அரபு எழுத்து என்பதற்குமேல் அது என்னவென்று பார்க்காமல் போட்டதன் விளைவு. தெரியாமல் செய்தார்கள் என்பதால் பார்த்தவரின் புண் ஆறிவிடாது. ஆனால் "கதை எங்களைத் தாக்குகிறது" என்பதும் "வரைந்தவர் கவனிக்கவில்லை" என்பதும் ஒரே புகார் அல்ல.

#7 நீலத்தாள்

இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. வழி இருக்கிறது.

கதையில் ஆழ்ந்துபோவதை அளக்க கிரீனும் பிராக்கும் 2000-ல் ஓர் உத்தி வைத்தார்கள். கதையைக் கொடுத்து, பொய்யாய் ஒலிக்கும் இடங்களை வட்டமிடச் சொன்னார்கள். ஆழ்ந்து படித்தவர்கள் போட்ட வட்டங்கள் குறைவு. இதையே தலைகீழாக்கி நமக்குப் பயன்படுத்தலாம்: எந்த இடத்தில் கதையிலிருந்து வெளியே தள்ளப்பட்டோம்?

பார்க்கும்போது ஒரு தாளும் பென்சிலும் போதும். வெளியே தள்ளப்பட்ட உணர்வு வந்ததும் நிமிடக் கணக்கை மட்டும் எழுதுங்கள். காரணம் எழுதாதீர்கள். எழுதத் தொடங்கினால் அடுத்த இரண்டு நிமிடம் கதை ஓடாது, உங்கள் வாதம்தான் ஓடும். நிறுத்தியும் வைக்க வேண்டாம். எபிசோடு முடிந்தபின் ஒவ்வொரு குறிக்கும் அரை நிமிடம் முன்னாலிருந்து மறுபடி ஓடவிடுங்கள். இப்போது குறிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும், அது தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாட்டில் (உணர்வுகளில்) ஒன்று: நகை, அழுகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). "பிடிக்கவில்லை" என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. அதுதான் இந்தப் பட்டியலின் பயன்.

அடுத்து, அந்த உணர்வு யார்மேல் என்று ஒரு கோடு இழுங்கள். பாத்திரத்தின் மேலா, கதையை ஆக்கியவர் மேலா? பாத்திரத்தின் மேல் வெகுளி என்றால் கதை வேலை செய்கிறது, குறியை நீக்கிவிடலாம். ஆக்கியவர் மேல் வெகுளி என்றால் அதுதான் மோதல். இளிவரல் பெரும்பாலும் கேமராவின் மேல் வரும். சோகமான காட்சியில் பெண் பாத்திரத்தின் உடலைத் தடவிக்கொண்டு போகும் ஷாட் கதையின் வாதம் இல்லை, தயாரிப்பின் வியாபாரம். இதைக் கதைக் கணக்கில் ஏற்றக்கூடாது, ஆனால் எழுதி வைக்க வேண்டும்.

மிஞ்சிய குறிகளுக்கு ஒரு சோதனை: அந்த வசனத்தைச் சொன்னவருக்கு அதன்பின் என்ன ஆனது? கதை அவருக்கு வெகுமதி தந்ததா, விலை வாங்கியதா, ஒன்றுமே செய்யாமல் கடந்ததா? பாத்திரம் பேசுவதை ஆசிரியர் பேசுவதாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. ஒரே இரவில் பன்னிரண்டு எபிசோடு பார்த்தால் கடைசி நாலின் குறிகள் களைப்பின் குறிகள், தூக்கிப் போடுங்கள். பதினைந்து விநாடித் துணுக்கைப் பார்த்துக் கோபப்பட்டபின் தொடருக்குப் போனால் அந்தத் துணுக்குக்காகத்தான் காத்திருப்பீர்கள், இடையில் எதுவும் பதியாது. குறி ஒன்றுகூட விழவில்லை என்றாலும் மகிழாதீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் தொடரில்தான் நம் சார்பு கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும்.

#8 இரவுத்தொடர்

இது கையில் பிடிக்கக்கூடிய வழி. ஆனால் ஒரு தடங்கல். "பின்னால் என்ன ஆனது" என்பதற்குத் தொடர் முழுக்கக் காத்திருக்க வேண்டுமே? மூன்று எபிசோடு பார்த்துவிட்டு முடிவுசெய் என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது.

#9 நீலத்தாள்

கதை விறுவிறுப்பா என்று தெரிய அந்த விதி போதும். கதையின் நியாயம் தெரியப் போதாது. வின்லாண்ட் சாகாவின் முதல் 24 எபிசோடும் பழிவாங்கும் வெறி, ரத்தம். அடுத்த 24-ல் அதே நாயகன் தோர்ஃபின் அடிமையாக நிலம் உழுது, கடைசியில் ராஜாவைச் சந்திக்க அனுமதி கேட்டு நூறு குத்து வாங்கி, திருப்பி அடிக்காமல், தனக்கு எதிரியே இல்லை என்கிறான். கொல்லாமையை உயிராய் நினைப்பவர் மூன்றாம் எபிசோடில் எழுந்து போனால், தனக்காகவே எழுதப்பட்ட கதையை விட்டுவிட்டுப் போகிறார். இதில் எரிச்சலான வேடிக்கை, முதல் சீசனின் சண்டைக்காக வந்தவர்கள் இரண்டாவதில் "வெறும் விவசாயம்" என்று புலம்பினார்கள். அவர்களுக்கும் மோதல்தான், பக்கம்தான் வேறு.

#10 எட்டாம்_வரி

கதையின் ஒப்புதல் பற்றிப் பேசும்போது அட்டாக் ஆன் டைட்டன் முடிவை விட்டுவிட முடியாது. ஒரே வசன மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று கிடைக்காது.

2021 ஏப்ரலில் வந்த மங்காவின் (மூலமான ஜப்பானிய காமிக்ஸின்) கடைசி அத்தியாயம், 139. நாயகன் எரென் மனித இனத்தில் எண்பது சதவீதத்தை அழித்தாயிற்று. நண்பன் ஆர்மின் அவனிடம், எங்களுக்காகக் கொலைகாரன் ஆனதற்கு நன்றி என்கிற பொருளில் பேசுகிறான். வாசகர்கள் கொதித்தார்கள். அதுவரை எரெனின் ஒவ்வொரு கொலையையும் பார்த்துத் தாங்கியவர்கள்தான் அவர்களும். அழிவு அப்படியே இருந்தது, கூடுதலாக வந்தது ஒரு நன்றி. அந்த நன்றியில்தான் கதை கைநீட்டி ஒப்புதல் கேட்டதாகத் தோன்றியது.

2023 நவம்பரில் அனிமே முடிந்தபோது மூல ஆசிரியர் இசயாமா அந்த உரையாடலை மாற்றி எழுதியிருந்தார். ஆர்மின் நன்றி சொல்லி நிற்கவில்லை. இந்த எண்ணத்தை உனக்குள் விதைத்ததில் எனக்கும் பங்குண்டு, நரகத்தில் சேர்ந்தே இருப்போம் என்கிற மாதிரி பழியில் பாதியை எடுத்துக்கொள்கிறான். கதைப்போக்கு இம்மியும் மாறவில்லை. ஆனாலும் மங்காவில் முறிந்த பலருக்கு அனிமேயில் முறியவில்லை.

ஊரை எரிக்கும் கோபம் நமக்குப் புதிதில்லை. ஆனால் கண்ணகி தீக்கடவுளுக்கு விலக்குப் பட்டியல் கொடுக்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ என்று. வாசகனின் ஒப்புதல் எந்த இடத்தில் அறுந்துபோகும் என்று இளங்கோவடிகளுக்குத் தெரிந்திருக்கிறது, அந்த இடத்தில் முட்டுக்கொடுத்துவிட்டார். எரென் ஏவிய அரக்கர்களின் காலடிக்கு விலக்கே இல்லை.

#11 கீறல்_தட்டு

நல்ல ஒப்பீடு, அதையே திருப்பிக் காட்டுகிறேன். அந்தப் பட்டியலின் வரிசையே இன்றைக்குப் பலருக்கு இடறுகிறது. யார் முதலில் நிற்கிறார், யார் பெயரே வரவில்லை என்று பார்ப்பவர் காப்பியத்தைத் தப்பாக வாசிக்கவில்லை, பட்டியலுக்கு வெளியே நின்று வாசிக்கிறார். ஒரு கூட்டத்தின் ஒப்புதலைக் காக்கப் போட்ட முட்டே இன்னொரு கூட்டத்தின் ஒப்புதலை உடைக்கிறது.

அட்டாக் ஆன் டைட்டனிலும் அப்படித்தான். கைப்பட்டை கட்டி வேலிக்குள் அடைக்கப்பட்ட எல்டியர்கள் என்ற இனத்தாரை ஐரோப்பிய யூதர்களின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால், அந்த மக்களின் மூதாதையர் உண்மையிலேயே அரக்கராக மாறி உலகை ஆண்டவர்கள் என்ற கதைவிதி, வெறுப்பாளர்களின் பழைய பொய்யை மெய்யாக்கிக் காட்டுவதுபோல ஆகிவிடுகிறது. பனையோலை அண்ணா முதலில் சொன்னாரே, உலகவிதியை எல்லோரும் முணுமுணுக்காமல் ஏற்பார்கள் என்று. இங்கே உலகவிதியே குத்துகிறது. யாருடைய பாட்டன் பூட்டனைப் பற்றி அப்படிப் பொய் சொல்லப்பட்டதோ அவருக்கு அது வெறும் 'ஒரே ஒரு ஊரில்' இல்லை.

#12 பனையோலை

ஒத்துக்கொள்கிறேன், அங்கே என் பிரிப்பு ஓட்டையானதுதான். திருத்திச் சொல்கிறேன்: நடப்பு உலகில் யார்மேலாவது சுமத்தப்பட்ட பொய்யை ஒத்திருக்காதவரைதான் உலகவிதி இலவசம். ஒத்திருந்தால் அதற்கும் ஒப்புதல் கேட்கத்தான் வேண்டும்.

இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது. நீலத்தாள் முறையில் குறிகள் வசனத்தின்மேல் விழாமல் உலக அமைப்பின்மேலேயே திரும்பத் திரும்ப விழுந்தால், பின்னால் எந்தத் திருப்பமும் அதைச் சரிசெய்யாது, அஸ்திவாரம் நகராது. அப்போது நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாத்திரங்களின் பேச்சின்மேல் விழுந்தால் பொறுக்கலாம், பேச்சு மாறும்.

#13 தூக்கம்_வரல

சரி, இவ்வளவு நேரம் படித்துவிட்டேன், ஒன்று கேட்கிறேன். கடவுள் நம்பிக்கை உள்ள ஒருவருக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் பரிந்துரைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே நாயகன் எட்வர்ட் கடவுளே இல்லை என்று கிளம்புகிறான். 2003-ல் வந்த தொடரா, பின்னால் அதே கதையை மறுபடி எடுத்த பிரதர்ஹுட்டா?

#14 செல்_சட்டகம்

பிரதர்ஹுட், 64 எபிசோடு. காரணம் லியோர் நகரம்.

2003 தொடரில் முதல் இரண்டு எபிசோடே லியோர்தான், பிரதர்ஹுட்டில் மூன்றாவது. போலிச் சாமியார் கொர்னெல்லோவை எட்வர்ட் அம்பலப்படுத்துகிறான். நம்பியிருந்த ரோஸ் இனி எதைப் பிடித்துக்கொள்வது என்று அழ, உனக்குத்தான் நல்ல கால்கள் இருக்கின்றனவே, எழுந்து நட என்று சொல்லிவிட்டுப் போகிறான். பெருமிதமாகத் தோன்றும் வசனம். நம்பிக்கையுள்ளவருக்கு முதல் குறி அங்கே விழும், நம்பிக்கையில்லாதவர் அங்கே கைதட்டுவார். ரெண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். நம்பிக்கை பிடுங்கப்பட்ட ஊர் கலவரத்தில் எரிகிறது, அதற்கு எட்வர்ட் பதில் சொல்லியாக வேண்டும். பிரதர்ஹுட்டில் ஊர்க்காரர்களே திரும்ப அதைக் கட்டி எழுப்புகிறார்கள், ரோஸும் அந்த வேலையில் நிற்கிறாள். 2003-ல் அதே ஊர் ஆயிரக்கணக்கான வீரர்களை விழுங்கும் பொறியாகிறது, ரோஸுக்கு நேர்வது பார்க்கவே கடினம். இரண்டுமே நேர்மையான பதில்தான், முதல்முறை பார்ப்பவருக்கு இரண்டாவது தாங்காது.

அதோடு, 'உண்மையின் கதவு' என்ற கதவுக்கு முன்னால் எட்வர்டைச் சந்திக்கும் அந்த வெள்ளை உருவம், உலகம், பிரபஞ்சம், கடவுள், உண்மை என்று தன் பெயர்களை அடுக்கிவிட்டுக் கடைசியில் "நீ" என்கிறது. கடவுள் இல்லை என்று கிளம்பியவன் தன் காலை விலையாகக் கொடுத்துவிட்டு வந்தது அதனிடம்தான். லியோர் முடிந்ததும் அவர் எழுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பிங்கோ சப்டைட்டிலோ, எதுவானாலும் பரவாயில்லை.

#15 தூக்கம்_வரல

இன்று இரவே மூன்றாவது எபிசோடு வரை போடச் சொல்கிறேன். தாளும் பென்சிலும் கொடுக்கவா?

#16 நீலத்தாள்

முதல் தடவை வேண்டாம். கொடுத்தால் குறி போடுவதற்காகவே பார்ப்பார்.